ஜீனத்தின் அட்டை

4 பிப்ரவரி 1974

இன்று கரப்பான் என்னும் தோல் அரிப்பு நோயாளிகள் ஒன்பது பேர். டாக்டரம்மாவின் ஆராய்ச்சிக்காக ரத்தம் எடுத்து, உடம்பு முழுக்கப் பார்த்து, கழுத்து, முதுகு, கை, கால் ஒவ்வொன்றுக்கும் சைபரிலிருந்து மூன்றுவரை மார்க் போடுவது என் வேலை. ஒவ்வாதது ஏதாவது பட்டால் ரத்தத்தில் ஒரு புரதம் கூடி உடம்பின் அணுக்களுக்குச் சேதி சொல்கிறதாம். அந்தப் புரதம் கூடக்கூட நோயும் கடுமையாகிறதா என்பது அவர் கேள்வி.

கடைசி ஆள், புளியந்தோப்பு ஜீனத். முதுகைப் பார்க்க ரவிக்கையை லேசாகத் தூக்கினேன். துணி புண்ணீரில் ஊறி ஒட்டியிருந்தது. வாடை. கையை எடுத்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் ஒன்று, ஒன்று என்று போட்டு, அவள் அட்டையில் ‘லேசானது’ என்று எழுதிக் கையில் கொடுத்தனுப்பினேன்.

ராயபுரத்து மீன் சந்தில் பிறந்தவள் நான். எனக்கா வாடை?

12 பிப்ரவரி

ரத்தம் நிரப்பிய கண்ணாடிக் குழாய்கள் ஐஸ் பெட்டியில் பரிசோதனைக்கு ரயிலேறின. அவள் பெயர் எழுதிய குழாயைப் பார்க்காமலே அடுக்கினேன்.

6 மார்ச்

ரிசல்ட் வந்தது. “பிலோமி, ஜீனத்துக்கு ரத்தத்துல அந்தப் புரதம் எல்லாரையும்விட அதிகமா இருக்கு. நீ லேசானதுன்னு போட்டிருக்கே. குழாய் மாறிப்போச்சா?” என்றார் டாக்டரம்மா.

“தெரியல டாக்டர்.”

தெரியும். நன்றாகத் தெரியும். ஏன் அப்படிச் சொன்னேன்?

நாளை அவள் வீட்டுக்கே போய் மறுபடி ரத்தம் எடுத்துவர வேண்டும்.

7 மார்ச்

பாயில் குப்புறப் படுத்திருந்தாள். முதுகில் துணியில்லை. இன்று பார்த்தேன். கழுத்திலிருந்து இடுப்புவரை தோலே இல்லாத மாதிரி.

“அரிப்பு தாங்காம அழுதா எங்க வூட்டுக்காரரு அட்டைய காட்றாரு. ஆஸ்பத்திரியிலயே லேசுன்னு எழுதிக்கீது, இன்னாத்துக்கு நடிக்கிறன்றாரு. நீ படிச்சவ, தப்பா எழுத மாட்டே. எனக்குத்தான் தாங்குற தெம்பு இல்லன்னு நெனச்சிகினேன்.”

திட்டியிருந்தாக்கூட பரவாயில்ல. எடுத்த ஊசியத் திரும்பப் பெட்டியிலயே வெச்சேன். ரத்தம் எடுக்காமலே வந்துட்டேன். இன்னா பொம்பள நான்?

8 மார்ச்

சொல்லிவிட்டேன். டாக்டரம்மா பேனாவை மூடிவைத்தார்.

“இந்த மாதிரி இன்னும் எத்தனை பேர்?”

அதைக் கேட்பார் என்று நினைக்கவில்லை.

“நாலு பேர்.”

ஆராய்ச்சியில் இதுவரை பார்த்த முப்பத்தொரு பேரையும் திரும்ப வரவழைக்கச் சொன்னார். இனி மார்க் போடுவது நர்ஸ் ஐரீன்.

10 மார்ச், ஞாயிறு

சர்ச்சில், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தன வரிசையில் பாதிவரை நின்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் அது இல்லை. வந்துவிட்டேன்.

14 மார்ச்

ஜீனத்தை ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். கூட்டிவந்தவர் அவள் கணவர் மஜீது, துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். நான் செய்ததைச் சொல்லி அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். ஐரீனுக்கு உதவியாகத் திரைக்குள் நுழையப்போனேன்.

“நீ வாணாம்மா. அவங்களே பாக்கட்டும்” என்றாள் ஜீனத்.

வெளியே நின்று, ஐரீன் சொல்லச்சொல்ல எழுதினேன். கழுத்து, மூன்று. முதுகு, மூன்று. கை, மூன்று.

“மூணுன்னா இன்னா?” என்று மஜீது கேட்டார்.

“அதுக்கு மேல கெடையாதுங்க.”

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். உள்ளேயிருந்து ஐரீன் காலுக்கும் மூன்று என்றாள். எழுதினேன்.