தகரக் குவளை

அன்புள்ள மகளுக்கு,

நேற்று நீ வழிகாட்டிய திராட்சைத் தோட்டச் சுற்றுலாவுக்கு உன் மாமா டான்வெலை அழைத்து வந்திருந்தேன். கூட்டத்தின் பின்னால் நின்றதால் நீ எங்களைப் பார்க்கவில்லை. மேட்டிலிருந்து பார்க்கையில் கீழே விரிகுடாவில் திமிங்கிலம் தெரிந்ததும் அவன் கைதட்டினான்.

பிறகு நீ அந்தத் தகரக் குவளையைத் தூக்கிக் காட்டினாய். "அந்தக் காலத்துல கூலியோட ஒயினும் இதுலதான் ஊத்துவாங்க."

"இப்ப வேலை காலியிருக்காம்மா?" என்றார் கேப் டவுன்காரர் ஒருவர்.

"வரிசையில நில்லுங்க சார்!" என்றாய் நீ.

எல்லோரும் சிரித்தார்கள். டான்வெலும் சிரித்தான்.

அவனை வயிற்றில் சுமந்துகொண்டு என் அம்மா அந்த ஒயினுக்காக நின்ற வரிசை அது. அவள் குடித்தது வயிற்றிலிருந்த அவன் மூளையையும் தொட்டது. நாற்பது வயதிலும் அவனுக்கு ஷூ லேஸ் கட்டத் தெரியாது. ஏனென்று தெரிந்துதான் நீ கட்டிவிடுகிறாய்.

வேலையை விடச் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பை மட்டும் விட்டுவிடு.

"அந்தக் கப்புல எனக்கும் ஊத்துவாங்களாக்கா?" என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறான்.

அம்மா