ஐந்தடி தள்ளி

தை மாதம், வெள்ளிக்கிழமை இரவு.

விளக்கை அணைத்தும் தூக்கம் வரவில்லை. திரும்ப ஏற்றி எழுதுகிறேன்.

என் செடிகளுக்காக கொல்லையில் பக்கத்து வீட்டு மதிலை ஒட்டி இவர் கட்டித் தந்த கண்ணாடி அறையை இடிக்கச் சொல்லி, காலையில் பஞ்சாயத்து ஓவர்சியர் வந்துவிட்டார். அனுமதி வாங்கவில்லையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செடி வெயில் காய்வதற்கும் சர்க்கார் கையெழுத்தா?

"பக்கத்து ஊட்டு மதில்ல இருந்து அஞ்சடி உடோணுமுங்க. இல்லீன்னா பிளான் பாஸாகாது" என்றார்.

"அவ்வளவுதானுங்களா? சித்த இருங்க, வாரேன்" என்று இவர் சைக்கிளை எடுத்தார்.

பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிற பட்டறை இவருடையது. அறையையும் பஸ் பாடி போலவே, அஸ்திவாரமில்லாமல் இரும்புச் சட்டத்தில் கட்டியிருக்கிறார். எனக்கே இன்றுதான் தெரியும். பட்டறை ஆட்கள் வந்து போல்ட்டுகளைக் கழற்றினார்கள். சுற்றி நின்று ஒரே மூச்சில் தூக்கினார்கள். உள்ளே பலகையில் ரோஜாத் தொட்டிகள், கண்ணாடியெல்லாம் மேகம். என் அறை கொல்லையில் நடந்து போனது! ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. ஓவர்சியரே குடையைப் போட்டுவிட்டு ஒரு மூலைக்குத் தோள் கொடுத்தார்.

"இப்பப் பிளான் போட்டுக் குடுங்க, பாஸாயிருமுங்க" என்றார், மூச்சு வாங்க.

நான் உள்ளே போய் நின்றேன். இத்தனை நாள் அந்த மதில் மறைத்திருந்த கொல்லிமலை, அடி முதல் உச்சிவரை கண்ணாடியில் நின்றது.

காலையெல்லாம் அந்த ஐந்தடியைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.