கோழி அடைகிடந்த ஸ்வெட்டர்

என் பிரியத்துக்குரிய மதினி,

மேகமலைப் பக்கம் மழை இறங்கியிருக்கிறது. ஆடுகளை மதியமே கொட்டகையில் அடைத்துவிட்டேன். ஈரம் பட்டால் இருமுகிற நம் கறுப்பு மூக்குக் கிடாய்க்கு ஒரு சாக்கைப் போர்த்திவிட்டேன். அண்ணன் நன்றாக இருக்கிறார். உங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறார்.

நீங்கள் போன பிறகு எனக்குப் பகலிலேயே கனவு வருகிறது. திராட்சைப் பந்தலுக்குள் ஆடு நுழையாமல் ஓரமாக ஓட்டிப் போகும்போது, எனக்குக் கொஞ்சம் முன்னால் நீங்கள் நடக்கிறீர்கள். தோளில் துணிப்பை, அதிலிருந்து ஏறி வரும் உல்லன் நூல், பார்க்காமலே பின்னிக்கொண்டு போகும் விரல்கள். காற்றில் நூல் லேசாக ஆடுகிறது. எட்டு வைத்து நெருங்கினால் பந்தல் நிழல்தான் கிடக்கிறது. ஆடுகளும் சில சமயம் நின்று அந்தப் பக்கமே பார்க்கின்றனவே, அவற்றுக்கும் தெரிகிறதா?

குமுளிக்குப் போகிறவர்கள் காரை நிறுத்தி, "இந்த ஆட்டு முடியில பின்னுறதா?" என்று கேட்பார்களே, ஞாபகமிருக்கிறதா? "எங்க ஆட்டு முடியில பின்னுனா போடுறவக சொறிஞ்சே சாவாக. இது தேனிக் கடையில வாங்குன நூலு" என்று முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்வீர்கள். அவர்கள் போன பிறகு நாம் சிரித்த சிரிப்பில் ஆடுகள் மிரண்டு ஓடும்.

சரி, சுற்றி வளைத்தது போதும். ஒரு தப்பு செய்துவிட்டேன் மதினி.

புரட்டாசியில் சாம்பல் கோழி அடைக்கு வந்தது. கொட்டகை மூலையில் உங்கள் மூங்கில் கூடை கிடந்தது. அதற்குள் மடித்து வைத்த சாக்கு. அதன்மேல் வைக்கோலைப் பரப்பி, பதினொரு முட்டை வைத்துக் கோழியை உட்கார வைத்தேன். சாக்குக்குள் மிச்ச நூல்தான் இருக்கும், பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டரை அண்ணன் பெட்டியில் வைத்திருப்பார் என்று நினைத்தேன். நினைத்தேன் என்று சொல்வதுகூடப் பொய்தான். பிரித்துப் பார்க்கப் பயந்தேன்.

ஏன் பயந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு என்னிடம் கேட்டீர்கள்: "ஏ அமலி, நாளைக்கு வரும்போது அந்தப் பின்னல எடுத்துட்டு வாத்தா. ஒரு கைதான் பாக்கி."

"கெடக்குற கெடையில பின்னல் ஒண்ணுதான் கொறச்சல். பேசாம தூங்குங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் வெறுங்கையோடு வந்தேன். நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தீர்கள். அதற்கு மறுநாள் நீங்கள் இல்லை.

கோழி அடைக்கு உட்கார்ந்த பதினைந்தாம் நாள் உங்கள் மகள் ஜெனி போன் செய்தாள். ஜெர்மனியில் நர்ஸ் வேலைக்கு விசா வந்துவிட்டது, அந்த வாரமே விமானம். "அங்கன ஒரே குளிராம் அத்தை. அம்மா எனக்குப் பின்னிக்கிட்டு இருந்தத எடுத்து வைங்க. ஒரு கை இல்லாட்டியும் பரவால்ல, கொண்டு போறேன்" என்றாள்.

நான் அண்ணனிடம் பெட்டிச் சாவி கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பெட்டியில ஏது? அவ வச்ச எடத்துலதான் கெடக்கும். மூங்கக் கூடையில, சாக்குக்குள்ள."

அதன்மேல்தான் கோழி உட்கார்ந்திருந்தது. அடைக்கோழியைக் கலைத்தால் அது திரும்ப உட்காராது. முட்டைக்குள் குஞ்சு அசைய ஆரம்பித்திருக்கிற நேரம். எடுக்கவும் முடியாது, விடவும் முடியாது. மூன்று நாள் கொட்டகைக்குப் போவதும் கோழியிடம் கெஞ்சுவதுமாகத் திரிந்தேன்.

விமானத்துக்கு முதல் நாள் ஜெனி வந்துவிட்டாள். நேரே கொட்டகைக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரியில் நான் சொன்ன பேச்சையும் சொன்னேன். அதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. பிறகு, "இரு தாயி, கோழியத் தூக்கிர்றேன். முட்டை போனாப் போகட்டும்" என்று குனிந்தேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம் அத்தை. அம்மா இருந்தா தூக்க விடுவாகளா?"

மண்டியிட்டு, வைக்கோலுக்கு அடியில் மெல்லக் கையை விட்டாள். கோழி கொத்தியது. அவள் கையை எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "சூடா இருக்கு அத்தை" என்றாள். கூரை ஓட்டை வழியாக வெயில் விழுந்து, அதில் தூசி மிதந்துகொண்டிருந்தது.

எழுந்திருக்கும்போது சொன்னாள்: "அந்த ஒரு கைய நீங்க பின்னி அனுப்புங்க அத்தை. யாரு கிட்டயும் குடுக்கக் கூடாது. நீங்கதான் பின்னணும்." கோபமா, மன்னிப்பா? அவள் முகத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அவள் போன மூன்றாம் நாள் ஒன்பது குஞ்சுகள் பொரித்தன. இடிக்கு முட்டை கலங்காமல் இருக்க அடையில் இரும்பு போடுவோமே, இந்த முறை அதை மறந்துபோயிருந்தேன். இடியும் அந்த வாரம் வானத்தைப் பிளந்தது. ஒன்றும் தேறாது என்றுதான் இருந்தேன். சாக்கைப் பிரித்தால் உங்கள் இரண்டு இரும்பு ஊசிகளும் பின்னலோடு உள்ளே இருந்தன.

பூந்திக்கொட்டை நுரையில் அலசிக் காயப்போட்டேன். நெஞ்சுப் பக்கம் ஒரு கறை மட்டும் போகவில்லை. போகாவிட்டால் என்ன, ஜெனிக்கு அது என்னவென்று தெரியும்.

ஆனால் ஒயர் கூடை போட்ட கைக்கு உல்லன் வசப்படுமா? போனில் வீடியோ பார்த்தேன். அதில் பேசுகிற பெண் நான் ஒரு கண்ணி போடுவதற்குள் ஒரு தொப்பியே முடித்துவிடுகிறாள். கடைசியில் நீங்கள் பின்னியதிலேயே ஒரு வரிசையைப் பிரித்து, நூல் எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் வெளியே வருகிறது என்று பார்த்துப் பார்த்துத் திரும்பப் போட்டேன். நான் இழுத்த இழுப்பில் முதலில் போட்டது தேங்காய் வாங்கப் போகும் கூடைபோல இறுகிவிட்டது. அண்ணன் எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுல தண்ணி பிடிக்கலாம்டி" என்றார். நீங்கள் போன பிறகு வீட்டில் அன்றைக்குத்தான் சிரிப்புச் சத்தம் கேட்டது.

பிரித்துப் போட்டேன், பிரித்துப் போட்டேன். நூலுருண்டைமேல் குஞ்சுகள் ஏறி விளையாடின. ஆட்டுக்குட்டி ஒன்று ஒரு முழம் நூலைத் தின்றுவிட்டது. இப்போது கை மணிக்கட்டு வரை இறங்கிவிட்டது. உங்கள் கையைவிட இது கொஞ்சம் குட்டை, கொஞ்சம் இறுக்கம். போட்டால் ஜெனிக்கு நான் பிடித்து இழுப்பதுபோலத்தான் இருக்கும். இருக்கட்டும்.

நாளைக்குக் கல்லறைத் திருநாள். எல்லாரும் பூவும் மெழுகுவர்த்தியும் கொண்டுவருவார்கள். நான் நீங்கள் கேட்ட பின்னலைக் கொண்டுவருகிறேன் மதினி. தாமதமாகிவிட்டது, தெரியும். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கடைசி வரிசையைப் போட்டு முடித்த பிறகுதான் எழுந்திருப்பேன்.

இப்படிக்கு,
வெடுக்கென்று பேசிவிட்டு வருந்துகிற உங்கள் நாத்தனார்,
அமலி