போஸ்டரில் என் முகம்

2011 பிப்ரவரி 7, திங்கள்

இன்று என்னைக் கவுன்ட்டரிலிருந்து எழுப்பிப் பின்னறைக்கு அனுப்பிவிட்டார், புது மேனேஜர் அன்புமணி. "தப்பா நெனைக்காத பவானி. சிம் கார்டு வாங்க வர்றவுங்க உன் முகத்தப் பாத்ததும் ஒரு மாதிரி ஆயிடறாங்க."

ஒன்பது வயதில் ஸ்டவ் வெடித்ததிலிருந்து இந்த இடது கன்னத்தோடும் ஒட்டிப்போன விரல்களோடும்தான் இருக்கிறேன். இந்தக் கடலூர் ஆபீஸ் கவுன்ட்டரில் இரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தேன். யாரும் எழுந்து ஓடவில்லையே?

பிப்ரவரி 8

பின்னறைக்கு ஜன்னல் இல்லை.

பிப்ரவரி 19

சிதம்பரம் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தவர்கள்கூட என் பக்கத்து சீட்டில் உட்காரவில்லை. பழகியதுதான். இன்றைக்கு ஏன் அழுகை வந்தது?

"துப்பட்டாவால கன்னத்த மூடிக்கிட்டுப் போயேன்டி" என்றாள் அம்மா.

"எத்தினி நாளைக்கும்மா?"

கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தேன். எனக்கு இது என் முகம், அவ்வளவுதான். வேறு முகம் எதையும் தேடவில்லை. அது போதாதா?

மார்ச் 23

சென்னை ஆபீஸிலிருந்து கேமராவோடு வந்தார்கள். 'மாற்றுத்திறனாளிகளுக்கும் இங்கே இடம் உண்டு' என்று போஸ்டர் போடப்போகிறார்களாம். என்னைக் கவுன்ட்டரில் உட்காரவைத்து, இடது பக்கம் நன்றாகத் தெரியும்படி திரும்பச் சொன்னார்கள். திரும்பினேன். சிரித்தேன் — இனி அங்கேயே விட்டுவிடுவார்கள் என்று. கார் கிளம்பியதும் மேனேஜர், "சரி, உள்ள போ."

சீ. நான் ஏன் சிரிச்சேன்? எவ்ளோ நல்லா சிரிச்சேன்!

மே 11

வாசலில் ஒட்டிவிட்டார்கள்.

ஜூன் 14

குறிஞ்சிப்பாடியிலிருந்து அறிவுமதி என்ற பெண் இன்டர்வியூவுக்கு வந்தாள். உதட்டைச் சுற்றியும் கைகளிலும் வெண்திட்டுகள். என்னைக் கண்டதும் ஓடிவந்தாள்.

"வாசல்ல இருக்கிறது நீங்கதானேக்கா? உங்களப் பாத்துதான் தைரியமா உள்ள வந்தேன். மத்த எடத்துல கையப் பாத்ததுமே அனுப்பிடறாங்க."

போயிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அவளுக்கு வேலை வேண்டுமே. "பின்னாடிதான் உக்கார வப்பாங்க. கவுன்ட்டர்தான் வேணும்னு மொதல்லயே கேளு" என்றேன்.

கேட்டாளாம். "பாக்கலாம்" என்றாராம் மேனேஜர்.

அவள் போனபிறகு நானே மேனேஜரிடம் போனேன். "அந்தப் பொண்ணயாவது வெளிய உக்கார வைங்க சார். எடம் உண்டுன்னு எம் முகத்த வச்சுத்தானே சொல்லியிருக்கீங்க?"

"அது சென்னைக்காரங்க பண்ணது" என்றார், கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே.

ஜூலை 1, வெள்ளி

அறிவுமதி வேலையில் சேர்ந்தாள். காலையில் நான் போனபோது பின்னறையில் இன்னொரு நாற்காலி போட்டிருந்தார்கள்.