நீர்க்கும்மியின் இடது கால்

ஜெயபுரம்,
14.07.2024

அன்பின் தர்சினி,

நீயும் உன் நடன வகுப்புப் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள். இங்கே பாலனுக்கு வழக்கம்போல வயலை விட்டால் வேறு உலகம் இல்லை. கம்சிகா ஏழாம் வகுப்புத் தவணைப் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று புத்தகத்தை விரித்துவைத்துத் தூங்குகிறாள். மூன்றாவது தடவையாகவும் என்னையே மாதர் சங்கத் தலைவி ஆக்கிவிட்டார்கள். சங்கத்து முத்திரைச் சீலைத் தூக்கிக்கொண்டு அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைய வேறு ஒருத்தியும் சம்மதிக்கவில்லை, அதுதான் காரணம்.

போன் அடிக்காமல் ஏன் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் என்றால் 'பொறு, பொறு' என்று நீயே கதைத்து முடித்துவிடுவாய். கடிதத்தில் நீ குறுக்கே வரமுடியாது.

நேற்றுக் கிளிநொச்சிக் கலை விழாவுக்கு வந்திருந்தேன். சங்கத்துப் பெண்கள் பதினொரு பேர் ஒரு வாடகை வானில் வந்தோம். நோட்டீசில் உன் பெயரைக் கண்டதும், சொல்லாமல் மேடைக்குப் பின்னால் வந்து உன்னைத் திடுக்கிட வைக்கலாம் என்று எனக்கு ஒரு ஆசை.

அப்படி ஒரு கதம்பத்தை நான் இதற்கு முன் கண்டதில்லை. முதலில் கரகம். பிறகு முல்லைத்தீவிலிருந்து அன்ஸார் என்பவரின் குழு வந்து களிகம்பு அடித்தது. பதினாறு பேர் சுற்றிச் சுற்றி வருகிறார்கள், கம்போடு கம்பு சரியாக முட்டுகிறது, ஆனால் ஒருவர்கூடக் கம்பைப் பார்க்கவில்லை. எதிரில் நிற்பவரின் முகத்தையே பார்க்கிறார்கள். முழு விழாவிலும் எனக்குப் பிடித்தது அதுதான். அதன் பிறகு வெள்ளிக் கிரீடம் வைத்த சிங்களப் பிள்ளைகளின் கண்டி நடனம். பல்கலைக்கழக மாணவர்கள் வாயே திறக்காமல் ஒரு நாடகம் போட்டார்கள். 'மைக் வேலை செய்யேல்லைப் போல கிடக்கு, ஆராவது போய்ச் சொல்லுங்கோவன்' என்று எங்களோடு வந்த கமலாசனி அக்கா கடைசிவரை தவித்துக்கொண்டிருந்தா. விடிய விடிய ஆடுகிற கூத்துக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருந்தார்கள். அரசன் வரவுப் பாட்டைப் பாடி முடிக்கவில்லை, மணி அடித்துவிட்டார்கள். தான் எந்த நாட்டு அரசன் என்று சொல்லாமலே பாவி மனிதர் இறங்கிப் போனார். நான் சிரித்த சிரிப்பில் முன்வரிசை திரும்பிப் பார்த்தது.

பிறகு உன் பிள்ளைகள் வந்தார்கள். "அடுத்து, எமது வன்னி மண்ணில் ஏழு தலைமுறைகளாக ஆடப்பட்டு வரும் பாரம்பரிய நீர்க்கும்மி" என்றார் அறிவிப்பாளர்.

பன்னிரண்டு பிள்ளைகள், பன்னிரண்டு பித்தளைக் குடம். இரண்டு அடி வைக்கிறார்கள், இடது காலை இழுக்கிறார்கள், குடத்தை இடுப்பு மாற்றுகிறார்கள், மறுபடியும் இரண்டு அடி. எனக்கு முதலில் விளங்கவில்லை. பாட்டு வந்தபோதுதான் விளங்கியது. அது என் கால், தர்சினி.

செட்டிகுளத்து அகதி முகாமில் அன்றைக்கு நடந்ததை நீ மறந்திருக்கமாட்டாய். வெளியிலிருந்து ஆட்கள் பார்க்க வருகிறார்கள், பெண்கள் ஏதாவது ஆடவேண்டும் என்றார்கள். தண்ணீர் வரிசையில் நின்றபடியே நான் பாட்டுக் கட்டினேன், நீ அடி போட்டாய். எட்டுப் பேர், எட்டுப் பிளாஸ்ரிக் கலன். என் முழங்காலில் இருந்த ஷெல் துண்டை எடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கால் ஊன்றவில்லை, இழுபட்டது. அழுதுகொண்டு விலகப் போனேன், நீதான் கையைப் பிடித்து மறித்தாய். 'எல்லாரும் உன்னை மாதிரியே இழுப்பம். அப்ப ஆரின்ர கால் நொண்டியெண்டு ஆருக்கும் தெரியாது' என்றாய். ஏழு பேர் எனக்காக நல்ல காலை இழுத்து ஆடினீர்கள். அதைப்போல ஒரு காரியத்தை எனக்கு யாரும் இன்றுவரை செய்ததில்லை.

நேற்று ஒரு நடுவர் மைக்கைப் பிடித்து, இந்த இழுவை அடி வன்னிக்கே உரியது, வயற்சேற்றில் நடந்து பழகிய எம் மூதாதையரின் நடை இது என்றார். சனம் கை தட்டியது. கமலாசனி அக்காவும் தட்டினா. நான் உன்னைப் பார்க்காமலே போய் வானில் ஏறிவிட்டேன்.

உன்மேல் கோபம் என்று நினைக்காதே. கோபம்தான், ஆனால் கொஞ்சம். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த மேடையில், 'இது 2009 இல் முகாமில் நாங்கள் ஆடியது' என்று ஒரு வரி சொல்லச் சொல். என் பெயர்கூட வேண்டாம்.

உன்,
மலர்

வவுனியா,
22.07.2024

என் மலருக்கு,

வந்தும் என்னைப் பார்க்காமல் போனாயே, அதை நினைத்து இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீ மேடைக்குப் பின்னால் வந்திருந்தால் கட்டிப்பிடித்து அழுதிருப்பேன், நீ சீலை கசங்குகிறது என்று என்னைத் தள்ளிவிட்டிருப்பாய்.

நீ நினைப்பதுபோல நான் திட்டம் போட்டு ஒன்றும் செய்யவில்லை. விண்ணப்பத்தில் இரண்டே பிரிவுதான் இருந்தது, பாரம்பரியம், நவீனம். நவீனத்துக்குப் போனால் மற்றவர்கள் லைட்டும் புகையுமாக வந்து நிற்பார்கள், என் பிள்ளைகள் எங்கே போவது? பாரம்பரியம் என்று அடையாளம் இட்டேன். அதற்குக் கீழே எத்தனை தலைமுறை என்று ஒரு கட்டம். வெறுமையாக விட்டால் திருப்பி அனுப்புவார்களாம். ஏழு என்று எழுதினேன். மூன்று என்று எழுதினால் குறைவாகத் தெரிந்தது. சேறு, வயல், மூதாதையர் எல்லாம் அந்த நடுவர் தானாகவே கண்டுபிடித்தது. அவ்வளவு சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த மனிதரை நான் எப்படி மறிப்பது?

முதலிடம் கிடைத்திருக்கிறது, மலர். செப்டெம்பரில் கொழும்பில் ஆடப் போகிறோம். பிள்ளைகளில் பாதிப்பேர் இன்னும் கொழும்பைக் கண்டதில்லை.

எனக்கு ஒரு உதவி செய். நடனம் பாரம்பரியமானதுதான் என்று, அது ஆடப்படும் ஊரிலிருந்து ஒரு பொது அமைப்பு உறுதிக் கடிதம் தரவேண்டுமாம். 'இந்த நடனம் எமது ஊரில் ஏழு தலைமுறைகளாக ஆடப்படுகிறது' என்று நான்கு வரி போதும். நீ மாதர் சங்கத் தலைவி, சீலும் உன்னிடம்தான் இருக்கிறது. உன்னை விட்டால் நான் யாரிடம் போவேன்?

கம்சிகாவுக்கு என் முத்தம்.

என்றும் உன்,
தர்சினி

ஜெயபுரம்,
30.07.2024

அன்பின் தர்சினி,

நான் உன்னிடம் ஒரு வரி கேட்டேன். நீ என்னிடம் நான்கு வரி கேட்டிருக்கிறாய்.

ஜெயபுரத்தில் ஏழு தலைமுறைக்கு நான் எங்கே போவேன்? என் மாமனார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர். பாலன் இரண்டாவது. கம்சிகாவோடு மூன்று. மிச்சம் நான்கு தலைமுறையையும் இந்தப் பாலைமரங்களுக்கு இடையிலா தேடிப் பிடிப்பது?

பகிடியை விடுகிறேன். என் கால் சேற்றில் நடந்து இழுபடவில்லை. அது எப்படி இப்படியானது என்று உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். எங்களுக்கு நடந்ததற்கு ஊரில் ஒரு கல்லும் இல்லை, பலகையும் இல்லை. இருப்பது இந்தக் காலும் அந்தக் கும்மியும்தான். அதையும் மூதாதையர் தலையில் கட்டிச் சீலும் குத்தினால், எனக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்று நானே எழுதிக் கொடுத்ததாகிவிடும். எனக்கு அது முடியாது. வேறு எதை வேண்டுமானாலும் கேள், இதைக் கேட்காதே.

நவீனம் என்று போட்டு ஆடுங்கள். லைட்டும் வேண்டாம், புகையும் வேண்டாம். எட்டுப் பிளாஸ்ரிக் கலன் போதும். நானே வந்து முதல் வரிசையில் இருக்கிறேன்.

உன்,
மலர்

வவுனியா,
07.08.2024

மலர்,

உன் கடிதத்தைப் பிள்ளைகள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது படித்தேன். அவர்களுக்கு என் முகத்தைக் காட்டாமல் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றேன்.

எனக்கு முப்பத்தாறு வயது. ஒன்பது வருடமாகத் தற்காலிக ஆசிரியை. கொழும்பில் ஒரு இடம் கிடைத்தால் நிரந்தர நியமனத்துக்கு அது உதவும். முகாமில் ஆடிய நடனம் என்று சொன்னால் எந்த மேடையில் ஏற்றுவார்கள்? மூதாதையர் என்றால் மாலை போடுகிறார்கள், முகாம் என்றால் அடையாள அட்டை கேட்கிறார்கள். இது உனக்குத் தெரியாதா? உனக்குக் காணி இருக்கிறது, பாலன் இருக்கிறார், கம்சிகா இருக்கிறாள். எனக்கு இருப்பது மேடையில் அந்த எட்டு நிமிடம். அடி போட்டது நான் என்று நீயே எழுதியிருக்கிறாய்.

நான் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. நீ சொல்ல வைக்கிறாய். கடைசிச் சண்டையில், வட்டுவாகலில் உன்னை முதுகில் போட்டுக்கொண்டு தண்ணீருக்குள்ளால் நடந்தது யார்? ஒரு கையில் அம்மாவைப் பிடித்திருந்தேன். ஒரு கையால் உன்னைத் தூக்க முடியவில்லை. அம்மாவின் கையை விட்டுத்தான் உன்னைத் தூக்கினேன். திரும்பிப் பார்த்தபோது அம்மா இல்லை.

இழுப்பதற்கு உனக்கு ஒரு கால் மிஞ்சியிருப்பது என்னால்தான். அதில் எனக்கும் பங்கு உண்டு. கடிதத்தை அனுப்பு.

சிவதர்சினி

ஜெயபுரம்,
15.08.2024

தர்சினி,

கடிதம் இத்துடன் இருக்கிறது. நான்கு வரி கேட்டாய், ஐந்து எழுதியிருக்கிறேன். சீல் மங்கலாக விழுந்துவிட்டது, அதனால் பக்கத்தில் இன்னொரு தடவை குத்தினேன்.

அம்மா கூட்டத்தில் தொலைந்துவிட்டா என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தாய். இவ்வளவு காலமும் அதை நம்பினேன். கையை விட்டதை என்னிடம் ஒருநாள் அழுதுகொண்டு சொல்லியிருந்தால், உன் காலைக் கட்டிக்கொண்டு நானும் அழுதிருப்பேன். நீ அதை ஒரு சீலுக்காகச் சொன்னாய்.

மலர்

வவுனியா,
11.10.2024

என் அன்பு மலருக்கு,

இரண்டாம் இடம். நம்புவாயா? மட்டக்களப்பிலிருந்து பறை, மலைநாட்டிலிருந்து தப்பு, காலியிலிருந்து முகமூடி ஆட்டம், புத்தளத்திலிருந்து றபான் மேளம், இத்தனைக்கும் நடுவில் எங்கள் பன்னிரண்டு பிள்ளைகள். இழுவை அடி வந்தபோது மண்டபம் முழுவதும் எழுந்து நின்றது. அப்போது உன்னைத்தான் நினைத்தேன், சத்தியமாக.

ஓகஸ்டில் எழுதியது கோபத்தில் எழுதியது. அதைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடு. எனக்கு ஜனவரியில் நியமனம் என்று சொல்லியிருக்கிறார்கள். இன்னும் ஒரு நல்ல சேதி. நீர்க்கும்மியை நம் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள் எல்லாவற்றிலும் பழக்கப் போகிறார்கள். அதற்கு ஒரு கையேடும் அடிக்கிறார்கள், உன் கடிதம் அதில் கடைசிப் பக்கத்தில் வருகிறது. உன் பெயர் வேண்டாம் என்றாயே, கடைசியில் உன் பெயரும் அச்சில் ஏறுகிறது.

போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. போன மாதம் எழுதியதற்கும் பதில் இல்லை. இன்னும் கோபமா? ஒரு வரி எழுது.

என்றும் உன்,
தர்சினி

ஜெயபுரம்,
09.03.2025

தர்சினி,

உன் கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. தைப்பொங்கலுக்கு அனுப்பிய வாழ்த்தும் கிடைத்தது. இது நான் உனக்கு எழுதும் கடைசிக் கடிதம். அதை முதலிலேயே சொல்லிவிட்டேன். பதில் போடாதே, நான் பிரிக்கமாட்டேன்.

கம்சிகாவின் பள்ளிக்கூடத்துக்கு நீர்க்கும்மி வந்துவிட்டது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆடுகிறார்கள், இவள் முன்வரிசை. நேற்றுப் பின்னேரம் குசினி வாசலில் ஆடிப் பழகிக்கொண்டிருந்தாள். நான் கிணற்றடியிலிருந்து வாளியோடு வந்தேன். ஆட்டத்தை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"அம்மா, நீங்கள் நடக்கிறது நீர்க்கும்மி மாதிரியே கிடக்கு. ஆனா இழுவை பிழை. பெருவிரல் நிலத்தில பட்டுக்கொண்டு வரவேணும். ரீச்சர் அப்பிடித்தான் காட்டினவா."

நான் வாளியை வைத்துவிட்டு அவளைப் பக்கத்தில் இருத்தினேன். எல்லாவற்றையும் சொன்னேன். முகாம், தண்ணீர் வரிசை, எட்டுக் கலன், நான் அழுதது, நீ கையைப் பிடித்துச் சொன்னது, நீ என்னைச் சுமந்து வந்தது. உன் அம்மாவைப் பற்றிச் சொல்லவில்லை. அது நான் சொல்வதற்குரியது அல்ல. என் கால் வயலில் விழுந்து முறிந்தது என்றுதான் அவளுக்கு இதுவரை சொல்லியிருந்தேன். பிள்ளையைப் பயப்படுத்தக்கூடாது என்று அப்படிச் சொல்லி வைத்திருந்தோம். வளர்ந்த பிறகு சொல்லலாம் என்று காத்திருந்தேன். நேற்று அதற்குக் காலம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு உள்ளே போய்ப் பையிலிருந்து அந்தக் கையேட்டை எடுத்துவந்து கடைசிப் பக்கத்தை விரித்தாள்.

"அம்மா, இதில நீங்கள்தானே எழுதிக் குடுத்தனீங்கள், ஏழு தலைமுறையா ஆடுறது எண்டு. உங்கட பேர் கிடக்கு. சீல் ரெண்டு தரம் கிடக்கு. அப்ப ஏன் இப்ப வேற கதை சொல்லுறீங்கள்?"

அவள் கோபிக்கவில்லை. கும்மி தன்னால்தான் வந்தது என்று பெருமைக்கு அம்மா ஒரு கதை கட்டுகிறா என்று நினைத்துச் சிரித்தாள். "ரீச்சரிட்ட மட்டும் இதைச் சொல்லிப்போடாதேங்கோ அம்மா, எனக்கு வெக்கம்" என்றாள்.

உன்னை மட்டும் குற்றம் சொல்லவில்லை. சீல் குத்தியது என் கைதான். ஆனால் நீ கேட்டாய், அதுவும் எதைச் சொல்லிக் கேட்டாய் என்பதை நான் அடுப்பில் போடமுடியாது.

வாளியை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனேன். கம்சிகா பின்னால் வந்தாள். என் காலைப் பார்த்தபடி, சரியாக வரட்டும் என்று, எனக்கு எண்ணிக்கொண்டே வந்தாள். "ஒண்டு, ரெண்டு, இழு. ஒண்டு, ரெண்டு, இழு."

இராசமலர்