வேண்டுதல் என்று சொன்ன ஓட்டம்

நல்லூர், திருப்பூர்
10.8.2025

அன்புள்ள மைதிலி,

எங்கள் கம்பெனி உனக்கு அனுப்பும் சாம்பிள் பனியன்களுக்கு நடுவே இந்தக் கடிதம் கிடைத்ததென்று உன் ஆபீஸில் யாரிடமும் சொல்லாதே. என் போனை வீட்டில் எல்லோரும் எடுத்துப் பார்ப்பார்கள், அதனால்தான் கடிதம்.

வரும் பிப்ரவரியில் நடக்கும் கோவை மாரத்தானுக்கு நம் இருவர் பெயரையும் நீ பதிந்தாலும் பதிந்தாய், தினமும் விடியுமுன் ஓடுகிறேன். பனியன்களில் பழுது பார்க்கும் செக்கிங் டேபிள் முன்னால் இருபது வருடம் நின்ற கால்கள் ஐந்து கிலோமீட்டர் வரை தாங்குகின்றன. நாய்களைக் கண்டால் பயம். பைக்கில் யாராவது மெதுவாக வந்தால் பயம். நெஞ்சு படபடத்தால், நாற்பத்தாறு வயதில் இது தேவையா என்று பயம்.

நேற்று அத்தை வாசலில் பிடித்துக்கொண்டார். "இருட்டுல எங்க அம்மணி போறே?" பழனிக்குப் பாதயாத்திரை போவதாக வேண்டியிருக்கிறேன், அதற்கு நடந்து பழகுகிறேன் என்று சொல்லிவிட்டேன். வாய் தானாகச் சொன்னது. அவர் உள்ளே போய் விளக்கேற்றிவிட்டு வந்தார். அதிலிருந்து எனக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது.

அன்புடன்,
கோமளா

சென்னை
18.8.2025

அடி கோமு,

உனக்கு வேறு பொய்யே கிடைக்கவில்லையா? சர்க்கரைக்கு டாக்டர் நடக்கச் சொன்னார் என்றால் முடிந்தது. முருகனை எதற்கு இழுத்தாய்?

இந்த வாரமே உண்மையைச் சொல்லிவிடு. நாளாக ஆகச் சொல்வது கஷ்டம். வாரம் ஒரு கிலோமீட்டர் கூட்டு, போதும்.

உன்
மைதிலி

நல்லூர்
5.1.2026

அன்புள்ள மைதிலி,

நான் சொல்லவில்லை. இப்போது சொல்லவும் முடியாது.

போன மாதம் என் வீட்டுக்காரர் கம்பெனியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அடைப்பு. ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு வந்துவிட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்ற வேண்டுதல்தான் எம்பையனக் காப்பாத்துச்சு. தைப்பூசத்துக்கு நீ போயே ஆகோணும்" என்றார். சுற்றி நின்ற சொந்தமெல்லாம் கேட்டது.

காலண்டரைப் பார்த்தேன். பிப்ரவரி ஒன்று, ஞாயிறு, தைப்பூசம். நம் மாரத்தானும் அன்றுதான். பதியும்போது நாம் இருவருமே பார்க்கவில்லை.

முப்பது கிலோமீட்டர் வரை வந்துவிட்டேன். ஆனால் அன்று கோவைக்கு வந்து, அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? இதெல்லாம் அறிவுக்கு ஒவ்வாது என்று எனக்கே தெரிகிறது. தெரிந்தும் அவர் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

கோமளா

சென்னை
12.1.2026

கோமு,

நீ பழனிக்கே போ. பயந்துகொண்டு நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட முடியாது. எனக்கு வருத்தம்தான், மறைக்கவில்லை. ஆனால் யாருக்காகப் போகிறாய் என்பதை உனக்காவது ஒளிக்காமல் சொல்லிக்கொள்.

மைதிலி

நல்லூர்
4.2.2026

அன்புள்ள மைதிலி,

வெள்ளிக்கிழமை எங்கள் தெருக் குழுவோடு காவிச் சேலை கட்டி நடந்தேன். ஞாயிறு விடிகாலை தாராபுரத்துக்கு முன்னால் இருந்தோம். பழனிக்கு இன்னும் நாற்பது சொச்சம். நீ இந்நேரம் கோவையில் கிளம்பியிருப்பாய் என்று நினைத்தேன். பையிலிருந்து ஷூவை எடுத்து மாட்டினேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன்.

எனக்குச் சாமி வந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழி விட்டது. காலில் தண்ணீர் ஊற்றினார்கள். கையில் எலுமிச்சம்பழம் திணித்தார்கள். நிற்கவும் பயம், ஓடவும் பயம்.

முக்கால் தூரம் போயிருப்பேன். ஒரு பெண் நாலு வயதுக் குழந்தையோடு குறுக்கே விழுந்துவிட்டாள். "எம்புள்ள இன்னும் பேச மாட்டீங்கறா. பேசுவாளான்னு சொல்லு சாமி."

ஆமாம் என்று சொல்லிவிட்டு ஓடியிருக்கலாம். "எனக்குச் சாமி வரலீங்க. நான் மாரத்தானுக்குப் பழகினவ. எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றேன்.

அவள் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு என் ஷூவைப் பார்த்தாள். "அப்பறம் ஏனுங்க நின்னுட்டீங்க? ஓடுங்க."

ஓடவில்லை. அங்கேயே புளியமரத்தடியில் உட்கார்ந்து வீட்டுக்காரருக்குப் போன் செய்து, ஆகஸ்டிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். "இன்னும் எத்தன கிலோமீட்டர் இருக்குது?" என்றார்.

பத்து இருந்தது. பாதி ஓடி, பாதி நொண்டி, அடிவாரம் சேர்ந்தேன்.

அத்தையிடமும் சொல்லிவிட்டேன். மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. மகன் மாத்திரை போட்டானா என்று மட்டும் சுவரைப் பார்த்துக் கேட்கிறார். போட்டார் என்று நானும் சுவருக்கே சொல்கிறேன்.

பயம் போய்விட்டது என்று எழுத ஆசை. போகவில்லை. ஆனால் நாளைக் காலை ஓடப் போகிறேன் என்று வீட்டில் எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

உன்
கோமளா