மானிட்டர் வெளிச்சமும் முள்வேலியும்

2008 ஜூன் 9, திங்கள்

காலையிலேயே அனல். மூன்று கல்யாணப் பத்திரிகை பாக்கி. கண் எரிச்சல். மானிட்டரில் வெளிச்சம் குறைக்கும் பட்டன் உடைந்து ஆறு மாதம். அது பாட்டுக்கு முழுசாக எரிகிறது. கண் டாக்டர் குறைத்தே ஆக வேண்டும் என்றார்.

அதனால்தான் நானே எழுதிய சின்ன புரோகிராம். மவுஸால் இழுத்தால் திரை மங்கும். நேற்று அச்சுக்கடைக்காரர்களின் இணையக் குழுமத்தில் போட்டேன். ஒரே பாராட்டு. 'முள்வேலி' என்ற பெயரில் ஒருவர் மட்டும்: "ஏலே, மானிட்டருக்கு உள்ள வெளக்கு அப்படியேதான் எரியுது. நீ கண்ணாடிக்குக் கரி பூசியிருக்க. இதுல பெருமை வேற. கடைய இருட்டாக்கிப் பாரு."

ஏலேயாம்! உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் பதில் மரியாதையாக: "மதிப்பிற்குரிய ஐயா, பொய் சொல்லி உறுப்பினர்களைக் குழப்ப வேண்டாம். பணிவுடன்."

10, செவ்வாய்

முள்வேலியைக் குழுமத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். காரணம்: நாகரிகமற்ற பேச்சு. எனக்கு நான்கு பேர் வாழ்த்து. சந்தோஷம், மறைப்பானேன்.

மதியம் புளிக்குழம்பு. தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இல்லை, அப்பளம்தான்.

11, புதன்

பதினோரு மணிக்குக் கரண்ட் கட். யூ.பி.எஸ்.ஸில் கம்ப்யூட்டர் மட்டும் ஓடியது. ஷட்டரை இறக்கிவிட்டு, புரோகிராமைக் கடைசி வரை இழுத்தேன். கருப்பாக வேண்டிய திரை சாம்பலாக வெளிறி நின்றது. விளக்கு உள்ளே அப்படியேதான் எரிகிறது. அந்த ஆள் சொன்னது அத்தனையும் சரி.

வீட்டுக்காரர் பேப்பர் வெட்டும் மெஷினை விட்டு வந்து என் பதிலைப் படித்தார். "அம்புட்டு மரியாதையா ஒருத்தனப் பொய்யன்னு சொல்ல உன்னாலதாண்டி முடியும்."

கோபம் வந்தது. அவர் மேல் இல்லை.

12, வியாழன்

குழுமம் நடத்துபவருக்கு மட்டும் கடிதம் எழுதினேன். முள்வேலியைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி. எல்லாரும் பார்க்க எழுத வெட்கம். நான்கு பேர் வாழ்த்தியிருக்கிறார்களே.

குஜிலியம்பாறைக் கல்யாண வீட்டுக்காரர் பத்திரிகையில் மாமன் பெயரைப் பெரிதாக்கச் சொல்லிப் போனார். மூன்றாவது தடவை.

13, வெள்ளி

காற்று, ஒரே தூசி. குழுமக்காரரிடமிருந்து பதில். சேர்க்கத் தயாராம், முள்வேலிதான் மறுக்கிறாராம். அவர் எழுதியதை அப்படியே அனுப்பியிருக்கிறார்:

"ஏலேன்னது தப்புத்தேன். எத்தன தடவ வேணும்னாலும் எழுதித் தாரேன். பொய்யன்னாங்கள்ல, அதயும் அத்தன பேரு முன்னால எடுக்கச் சொல்லுங்க. அப்புறம் வாரேன்."

நியாயம். வீட்டுக்காரரிடம் காட்டினேன். "விடு, மூஞ்சி தெரியாத ஆளுக்குப் போயி..." என்றார். "மூஞ்சி தெரியாததுனாலதானே அப்படி எழுதுனேன்" என்றேன். பத்திரிகை வேலையை ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தேன். நான்கு தடவை அழித்தேன். 'ஒருவேளை', 'மனம் புண்பட்டிருந்தால்' எல்லாம் தானாக வந்து நின்றன. எல்லாவற்றையும் வெட்டினேன். மிஞ்சியது:

"முள்வேலி சொன்னது உண்மை. சோதிக்காமல் பொய் என்றேன். தவறு என்னுடையது. என் புரோகிராம் விளக்கைக் குறைக்காது. யாரும் கண்ணுக்கு நல்லது என்று நம்ப வேண்டாம்."

கீழே என் முழுப் பெயரைப் போட்டுக் குழுமத்துக்கே அனுப்பிவிட்டேன். குஜிலியம்பாறை மாமன் பெயரைப் பெரிதாக்க உட்கார்ந்தேன்.

4.20. குழுமத்தில் மறுபடியும் முள்வேலி. ஒரே வரி:

"சரிம்மா, மானிட்டரு என்ன மாடல்?"